ராஜா இல்லாத வேட்டை

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர் யார்? சந்தேகமில்லாமல் ஒரு ராஜாதான். நம்முடைய கதைகளில் வரும் ராஜாக்களுக்கு இரண்டே வேலைகள். ஒன்று, மந்திரியைப் பார்த்து மாதம் மும்மாரி பெய்கிறதா என்று கேட்பது. மற்றொன்று, வேட்டைக்குப் போய் வழி தவறுவது. வழி தவறாமல் அரண்மனைக்குத் திரும்பி வந்த ராஜாவைப் பற்றி யாரும் கதை எழுதியதாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் சமஸ்தானாதிபதிகளும் வைசிராய்களும் வேட்டையாடினார்கள். அவர்கள் வழி தவற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கிராமத்து ஜனங்கள் நூற்றுக்கணக்கில் கூடித் தம்பட்டம் அடித்து, புலியை அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே விரட்டிக் கொண்டு வந்து சேர்த்தார்கள். புலி செத்து விழுந்ததும் துரை அதன் மேல் காலை ஊன்றிக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார். தம்பட்டம் அடித்தவனை அந்தப் படத்தில் தேடினால் அகப்பட மாட்டான்.

ஆகவே, ஒரு சாதாரணத் தச்சுத் தொழிலாளி, தமது சாப்பாட்டு மூட்டையைத் தாமே சுமந்துகொண்டு, யாருடைய தயவும் இல்லாமல் பெரிய மிருக வேட்டைக்குப் போகிறார் என்றால் நமக்கு ஆச்சரியமாய்த்தான் இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் இது வருஷந்தோறும் நடக்கிறது. தச்சர்கள், பள்ளி ஆசிரியர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தாதிமார்கள் ஆகிய லட்சக்கணக்கான பேர் இப்படிப் போகிறார்கள். கொலராடோ ராஜ்யத்தில் டென்வர் நகரத்தில் வசிக்கும் ஒரு தச்சரை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். நேயர்கள் சம்மதித்தால் இந்த வாரம் அவருடைய மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அவரோடு கூடவே பிரயாணத் திட்டம் போடலாம். துப்பாக்கியைத் தொட வேண்டாம். திட்டம் போடுவதோடு நம் வேலை தீர்ந்தது.

முதலில் மிருகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் அதை 'எல்க்' என்கிறார்கள். ஐரோப்பாவில் அதே பெயர் வேறொரு பிராணியைக் குறிக்கும். இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டையாடிய ஸாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர்கள் நம்முடைய கடமானையே, அதாவது யாழ்ப்பாணத்தார் மரை என்று சொல்லும் மிருகத்தையே, 'எல்க்' என்று எழுதி வைத்தார்கள். இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப வேண்டுமானால், அமெரிக்காவின் ஆதிக் குடிகளான ஷானி ஜாதியார் வைத்த 'வாபிட்டி' என்ற பெயரே நல்லது. வெள்ளைப் பின்புறம் உடையது என்று அதற்கு அர்த்தம்.

வாபிட்டிக் கலை தோள் வரையில் ஐந்தடி உயரமும் சுமார் 700 ராத்தல் எடையும் உள்ளது. பெட்டை 500 ராத்தல் இருக்கும். கலையின் கொம்புகள் மட்டும் 40 ராத்தல் வரை கனக்கும். அவற்றை ஒவ்வொரு வசந்த காலத்திலும் உதிர்த்துவிட்டு மறுபடி புதிதாக வளர்த்துக்கொள்கிறது. செப்டம்பர் மாதத்தில் அது துணை தேடிக் கூவும் குரல், புல்லாங்குழலில் தொடங்கிக் கனைப்பில் முடிவதுபோல் இருக்கும். இவ்வளவு பெரிய பிராணி காட்டில் சருகு அசங்காமல் நடந்து மறையும் என்பதைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள்.

அடுத்தது இடம். டென்வருக்கு மேற்கே 'பிளாட் டாப்ஸ்' என்று ஒரு பீடபூமி இருக்கிறது. தட்டையான உச்சிகள் என்று பொருள். மேல்தளம் 10,000 அடிக்கும் மேற்பட்ட உயரம். ஏரிகளும் புல்வெளிகளும் ஊசியிலை மரக்காடுகளும் நிறைந்தது. 'வெள்ளை நதி தேசிய வனம்' என்ற பெரிய காட்டின் ஒரு பகுதி அது. 1891-ஆம் வருஷத்திலேயே சர்க்கார் அந்தக் காட்டை யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்கள். ஜனாதிபதி தியோடர் ருஸ்வெல்ட் 1905-ல் இந்தப் பிராந்தியத்தில் கரடி வேட்டையாடியிருக்கிறார். ஆனால் இன்று நம் தச்சருக்கு அந்தக் காட்டில் உள்ள பாத்தியதை எந்த ஜனாதிபதிக்கும் உள்ளதைவிட அணுவளவும் குறைந்ததன்று.

இதுதான் விஷயத்தின் உயிர்நிலை. இத்தகைய தேசிய வனங்கள் அமெரிக்கா முழுவதும் 19 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கின்றன. அவற்றைத் தவிர, நில நிர்வாக இலாகாவின் வசம் சுமார் 24 கோடி ஏக்கர் இருக்கிறது. நம் ஊரில் 'புறம்போக்கு' என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைக்கிறோம். ஆகையால் முதலில் வேலி போட்டவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அங்கே பொது நிலம் என்றால் எல்லோருக்கும் சொந்தமானது என்று சட்டம் சொல்லுகிறது.

எல்லோருக்கும் என்று சொன்னோம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காகிதத்தில் 'பொது நிலம்' என்று எழுதப்படுவதற்கு முன்னால் இந்தப் பீடபூமி யூட் என்ற ஆதிக் குடிகளின் வேட்டைக் காடாக இருந்தது. வேட்டையையும் குதிரைகளையும் விட்டுவிட்டு ஏர் பிடியுங்கள் என்று சர்க்கார் ஏஜெண்டு அவர்களைக் கட்டாயப்படுத்தினார். 1879-ல் கலகம் மூண்டது. ஏஜெண்டும் வேறு பலரும் கொல்லப்பட்டார்கள். அதற்குத் தண்டனையாக 1881-ல் வெள்ளை நதி யூட்டுகளைப் பூண்டோடு யூட்டா பிரதேசத்துக்கு விரட்டிவிட்டார்கள். பத்தே வருஷம் கழித்து அந்தக் காடு பொதுச் சொத்தாயிற்று. பொதுச் சொத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி, திட்டத்துக்கு வருவோம். வேட்டை அக்டோபரில், வேலை ஜனவரியிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்போது தச்சர் மேஜை மேல் தேசப்படத்தை விரிக்கிறார். பச்சை வர்ணம் தேசிய வனம். மஞ்சள் நில நிர்வாக இலாகா. வெள்ளை தனியார் நிலம். கொலராடோவில் தனியார் நிலத்துக்கு வேலியும் பலகையும் இல்லாவிட்டாலும் அநுமதியின்றி நுழைவது குற்றம். ஆகையால் பச்சை எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்பதை விரல் நுனியில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் தச்சர் இந்தக் காலத்து மனிதர். கைபேசியிலும் அதே படத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறார். ஆனாலும் காகிதப் படத்தை விடுவதில்லை. மலையில் மின்சாரம் தீர்ந்துபோகலாம், காகிதம் தீராது.

இந்த வர்ணங்களைப் பற்றிச் சமீபத்தில் நடந்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. பக்கத்து வயோமிங் ராஜ்யத்தில், 1860-களில் ரெயில் பாதை போட்ட காலத்தில், பாதைக்கு இரு புறமும் நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று ரெயில்வே கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஆகவே தேசப்படம் சதுரங்கப் பலகைபோல் ஆயிற்று. ஒரு பொதுக் கட்டமும் அடுத்த பொதுக் கட்டமும் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். 2021-ல் மிஸௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், 'எல்க் மலை' என்ற இடத்தில் அப்படிப்பட்ட மூலையில் ஓர் ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமலே ஒரு பொதுக் கட்டத்திலிருந்து மற்றொரு பொதுக் கட்டத்துக்கு இறங்கினார்கள். மண்ணில் கால் படாவிட்டால் என்ன, ஆகாயத்தில் உடம்பு பட்டதல்லவா என்று சொல்லி, நிலத்துக்கு உடையவர் எழுபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டார்!

கிரிமினல் வழக்கில் 2022-ல் ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றார்கள். சிவில் வழக்கிலும் 2023-ல் அவர்களுக்கே ஜயம். அப்பீல் கோர்ட் 2025 மார்ச்சில் அதை உறுதிப்படுத்தியது. பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைத்து வேலி போடக் கூடாது என்று 1885-ல் செய்த ஒரு பழைய சட்டம் அவர்களைக் காப்பாற்றியது. அதே வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் மேற்கொண்டு விசாரிக்க மறுத்துவிட்டது. இதனால் அந்த அப்பீல் கோர்ட்டின் அதிகாரத்துக்குட்பட்ட ராஜ்யங்களில், கொலராடோ உள்பட, மூலை தாண்டுவது நியாயமாயிற்று. நான்கு பேர் ஏணி ஏறியதால் எத்தனையோ லட்சம் ஏக்கர்களுக்குக் கதவு திறந்தது.

படத்தைப் பார்த்து இடத்தைத் தீர்மானித்ததும் அநுமதிச் சீட்டுக்கு மனுப் போட வேண்டும். ஏப்ரல் தொடக்கத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், கலையா பெட்டையா என்பதையெல்லாம் அதில் குறிப்பிட வேண்டும். செப்டம்பர் மாதம் வில் அம்புக்காரர்களுக்கு. துப்பாக்கிக்காரர்களுக்கு அக்டோபர் மத்தியிலிருந்து நவம்பர் வரை நான்கு பருவங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நாளோ ஒன்பது நாளோதான். 1949-ஆம் வருஷத்திலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைப் பாடம் படித்துத் தேறிய அத்தாட்சி காட்டினால்தான் சீட்டு.

மனுக்கள் அதிகமாயும் சீட்டுகள் குறைவாயும் உள்ள இடங்களுக்குக் குலுக்கல். கோரிய சீட்டு கிடைக்காதவருக்கு வெறுங்கை அல்ல. ஒரு 'மார்க்கு' கிடைக்கிறது. அடுத்த வருஷம் அந்த மார்க்கு அவரை வரிசையில் ஒரு படி முன்னே தள்ளும். சிறந்த பகுதிகளுக்கு இப்படிப் பத்து, பதினைந்து, இருபது வருஷம் கூடக் காத்திருப்பவர்கள் உண்டு. பரீட்சையில் தோற்ற மாணவனுக்கு மார்க்குக் கொடுக்கும் இந்த ஏற்பாடு நம்முடைய சர்வகலாசாலைகளுக்கு எட்டினால் நல்லது.

இத்தனை கெடுபிடி எதற்கு? கட்டுப்பாடில்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். வெள்ளையர் குடியேறுவதற்கு முன் வட அமெரிக்காவில் ஒரு கோடி வாபிட்டிகள் இருந்திருக்கும் என்பது மதிப்பு. சுரங்கத் தொழிலாளிகளுக்கு இறைச்சி விற்பதற்காகவும், தோலுக்காகவும் அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். வாபிட்டியின் மேல்வாயில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் உண்டு. ஒரு சங்கத்தைச் சேர்ந்த கனவான்கள் அவற்றைக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொள்வது நாகரிகமாயிருந்தது. அந்த இரண்டு பல்லுக்காக 700 ராத்தல் மிருகத்தைக் கொன்று, உடலைக் கழுகுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். 1907-க்குள் கோடி என்பது லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

பிறகுதான் புத்தி வந்தது. ஒரு ராஜ்யத்தில் சட்ட விரோதமாகக் கொன்ற மிருகத்தை இன்னொரு ராஜ்யத்துக்குக் கொண்டுபோய் விற்பதை 1900-ல் ஏற்பட்ட லேஸி சட்டம் தடுத்தது. கொலராடோவில் வாபிட்டி இனமே அற்றுப்போகும் நிலையில், 1912-லிருந்து 1928 வரை வயோமிங்கிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து காடுகளில் விட்டார்கள். 1937-ல் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதித்த வரியை மிருகப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். வரி கட்டியவர்கள் வேட்டைக்காரர்கள். இன்று நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் வாபிட்டிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரிய பங்கு கொலராடோவில் இருக்கிறது. காட்டு மிருகம் எந்தத் தனி மனிதனுக்கும் உடைமையன்று. ஜனங்களுக்காக ராஜ்யம் அதைக் காப்பாற்றி வருகிறது என்பதே அந்த நாட்டுக் கொள்கை. ஆகவே விற்பனைக்கு வேட்டையாட முடியாது. தச்சர் தம் வாபிட்டி இறைச்சியை உண்ணலாம், அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். ஒரு ராத்தல்கூட விற்கக் கூடாது.

ஜூன் மாத வாக்கில் சீட்டு வந்து சேருகிறது. இனி உடம்பு தயாராக வேண்டும். டென்வர் ஐயாயிரம் அடி உயரம்; காடோ பத்தாயிரம். அங்கே காற்றில் பிராண வாயு குறைவு. அவசரப்பட்டு ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். ஆகையால் தச்சர் கோடை முழுவதும் முதுகில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு குன்று ஏறி இறங்குகிறார். அவருடைய மனைவி இதைப் பார்த்து என்ன சொல்லுவார் என்பதை நேயர்கள் தங்கள் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உடையிலும் கவனம் வேண்டும். பருத்தித் துணி நனைந்தால் உலராது. அக்டோபர்ப் பனியில் அதுவே எமனாகும். கம்பளியே உசிதம். அதன்மேல், தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் 500 சதுர அங்குலத்துக்குக் குறையாத மேலாடையும், அதே நிறத் தொப்பியும் சட்டப்படி அணிய வேண்டும். 2016-லிருந்து இளஞ்சிவப்பும் அநுமதிக்கப்பட்டிருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர் கல்யாண மாப்பிள்ளை போல் ஜொலிப்பது எதற்காகவென்றால், மற்ற வேட்டைக்காரர்கள் அவரை மிருகம் என்று நினைத்துவிடாமல் இருப்பதற்காக. வாபிட்டியின் கண்ணுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரிவதில்லை.

கண்ணைக் காட்டிலும் அதற்கு மூக்கு கூர்மை. ஆகவே காற்றின் போக்கை அறியாதவனுக்கு வேட்டை இல்லை. விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறியதும் அதே காற்றுத் திரும்பி மேல் நோக்கிப் போகும். மாலையில் மறுபடி இறங்கும். வாபிட்டி இரவில் புல்வெளியில் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் வடக்குச் சரிவிலுள்ள அடர்ந்த காட்டுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து, எந்தக் காலை எந்த மேட்டில் உட்கார வேண்டும் என்று தச்சர் படத்தில் பென்ஸிலால் குறிக்கிறார். சூரியோதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை மட்டுமே சுடலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான கணக்கு இனிமேல்தான். ஒரு கலையிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய 200 ராத்தல் கிடைக்கும். பிளாட் டாப்ஸின் நடுப்பகுதியில் சுமார் 2,35,000 ஏக்கர் 1975 முதல் 'வனாந்தரம்' என்று சட்டத்தால் காக்கப்படுகிறது. அங்கே மோட்டார் வண்டிக்கு இடமில்லை, சைக்கிளுக்கும் இல்லை. ஒன்று குதிரை, அல்லது மனிதன் முதுகு. ஒரு நடைக்கு 50 ராத்தல் வீதம் நான்கு நடை. பாதை மூன்று மைல் தூரத்தில் இருந்தால், சுமையோடு நான்கு தடவை, வெறுங்கையோடு மூன்று தடவை. ஆக 21 மைல். அதுவும் சுட்ட பிறகு, களைத்த கால்களோடு, ஒருவேளை பனியில். இறைச்சியைக் காட்டில் அழுகவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது குற்றம். ஆகவே அநுபவசாலிகள் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: எவ்வளவு தூரம் சுமக்க முடியுமோ அவ்வளவு தூரம் மட்டும் நட, அதற்கு அப்பால் எவ்வளவு அழகான கலை நின்றாலும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வா.

நேயர்களில் பலர் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள். என்ன சட்டம் போட்டால் என்ன, கொலை கொலைதானே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. நம் தேசத்தில் 1972-ல் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை அநேகமாக அடியோடு நின்றது. ஜன நெருக்கமும் மிருகக் குறைவும் உள்ள நமக்கு அதுவே சரி. ஆனால் வாபிட்டியைக் கொன்று தீர்த்தது எது என்பதை யோசிக்க வேண்டும். சந்தைக்காகச் சுட்டவனும் சங்கிலிப் பல்லுக்காகச் சுட்டவனும் இது எல்லோருக்கும் சொந்தம் என்று நினைக்கவில்லை. எடுத்தவனுக்குச் சொந்தம் என்று நினைத்தார்கள். பிழைக்க வைத்தது, இருபது வருஷமானாலும் என் முறைக்குக் காத்திருப்பேன் என்று வரிசையில் நின்றவன். பொதுச் சொத்து என்பது ஏரியானாலும், கோயில் நந்தவனமானாலும், காடானாலும் இந்த ஒரு குணத்தினால்தான் நிலைக்கிறது.

காட்டைக் காப்பாற்றியதும் இந்தக் குணமே. பிளாட் டாப்ஸில் டிராப்பர்ஸ் ஏரி என்று ஒன்று உண்டு. 1919-ல் அதன் கரையில் கோடை வாசஸ்தலங்களுக்கு மனை பிரிக்கும்படி ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளம் உத்தியோகஸ்தரை வன இலாகா அனுப்பியது. அவர் அளந்து பார்த்துவிட்டு, இங்கே வீடு கட்டவே கூடாது, இது எல்லோருக்குமாக அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொல் நின்றது. வனாந்தரங்களைக் காக்க 1964-ல் அமெரிக்கா முழுவதற்கும் ஏற்பட்ட சட்டத்துக்கு அந்த ஏரிக்கரையும் ஒரு பிறப்பிடம். 2025 ஜூனில் மேற்கு ராஜ்யங்களின் பொது நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாம் என்று வாஷிங்டனில் ஒரு யோசனை கிளம்பியது. மலை ஏறுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் வேட்டைக்காரர்களும், கட்சி பேதம் பாராமல் எதிர்த்தார்கள். மாத முடிவுக்குள் யோசனை கைவிடப்பட்டது.

நம் தச்சர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அக்டோபரில் போனார். ஐந்து நாள் இருந்தார். முதல் நாள் பனி பெய்தது. இரண்டாம் நாள் காற்றுத் திரும்பிவிட்டது. மூன்றாம் நாள் விடியலில் எதிர் மேட்டில் ஒரு கலை கூவியது, கண்ணுக்கு அகப்படவில்லை. நான்காம் நாள் மாலை அதுவே புல்வெளியில் வந்து நின்றது. ஆனால் இடையே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. பாதையிலிருந்து ஆறு மைல். தச்சர் மனத்திற்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பத்திரண்டு மைல்! துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இருட்டும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கொலராடோவில் வாபிட்டி வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் வெற்றியோடு திரும்பினாலே அதிகம். வீட்டில் கேட்டதற்கு, "இல்லை, ஆனால் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது" என்று பதில் சொன்னார். ஜனவரி பிறந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு மறுபடி தேசப்படத்தை விரித்தார்.